இணைத்தார்கள், பிரித்தார்கள்! நிலம் யார் கையில்?

தஞ்சையை அடுத்த விளாரில் முள்ளிவாய்க்கால் முற்றம் நிற்கிறது. 2013 நவம்பரில் திறந்தனர். அதே மாதம் 13ஆம் நாள், ஆக்கிரமிப்பு என்று சொல்லிச் சுற்றுச்சுவரை இடித்தது அன்றைய அரசு. மாண்டவர் நினைவுக்கே இந்தப் பாடு! கடலுக்கு அப்பால், பிழைத்திருப்பவன் உரிமை என்ன ஆயிற்று?

1987 ஜூலை 29ல் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் கொழும்பில் கையெழுத்திட்டனர். மறு ஆண்டு வடக்கும் கிழக்கும் இணைந்தன. கிழக்கில் வாக்கெடுப்பு நடத்துவோம் என்றனர், ஆண்டுதோறும் ஒத்திவைத்தனர். 2006 அக்டோபரில், இணைத்த முறை செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். 2007 பிறந்ததும் பிரித்தாயிற்று. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் வாழும் மண் அது. அவர்களில் ஒருவரையாவது கேட்டார்களா?

2009 மே மாதம் போர் முடிந்தது. 2013 செப்டம்பரில் வடக்கில் தேர்தல். 38 இடங்களில் 30 தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு! விக்னேசுவரன் முதலமைச்சரானார். ஆனால் 13ஆவது திருத்தத்தில் எழுதிய நில அதிகாரமும் போலீஸ் அதிகாரமும் கைக்கு வரவில்லை. இராணுவம் வேலியிட்ட வலிகாமத்துத் தோட்டத்தை, நாற்காலியில் அமர்ந்தவரால் மீட்டுத்தர முடியவில்லை.

காவிரிக் கழனியில் உழைப்பவனுக்கு இது புரியாதா? 1952ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்ததே! உரிமை ஏட்டில் இருந்தது. மரக்கால் மிராசுதார் கையில் இருந்தது. செங்கொடிச் சங்கம் களத்துமேட்டில் நின்ற ஊர்களில்தான் குத்தகைக்காரன் பங்கு வீடு வந்தது.

வடக்கிலோ, 2018 அக்டோபரில் சபையின் காலம் முடிந்தது. மறுதேர்தல் வைக்காமல், மாகாணத்தை ஆளுநரிடம் விட்டனர்.