கானுக்கு மூடி போடுங்கள்

நடப்பவர்களுக்கு ஏற்ற நகர வீதி என்று பேச்செடுத்தால் உடனே சென்னையின் பாண்டி பஜாரைக் காட்டுவார்கள். 2019 நவம்பரில் திறந்த அந்த நடைபாதை வளாகம் பார்க்க அழகுதான். ஆனால் அது அகலமான சமதள வீதி. வாகனங்களிடமிருந்து கொஞ்சம் இடத்தைத் திருப்பி வாங்கினால் வேலை முடிந்தது. இலங்கை மலையகத்தின் மஸ்கெலியா போன்ற ஊரில் ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளம். இடையில் கிடைத்த தட்டிலேயே கடை, பஸ், ஆட்டோ, ஆள் எல்லாம் அடங்கியாக வேண்டும். மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய நகரம் 1960களின் இறுதியில் தண்ணீருக்குள் போனபோது ஒரு கடைத்தெருவைப் புதிதாக வரைந்து பார்க்கும் வாய்ப்பு வந்தது. அப்படிப்பட்ட வாய்ப்பு இனி வராது. இனி நடைபாதைக்கு இடமேது என்று கேட்பவர்கள் காலடியில் பார்ப்பதில்லை. வீதியோரக் கான் திறந்துதானே கிடக்கிறது!

மலையகத்துக் கடைத்தெருக்களில் ஒவ்வொரு கடைக்காரரும் தன் வாசலுக்கு நேரே கானின்மேல் ஒரு கொங்கிரீட் துண்டையோ பலகையையோ போட்டுக்கொள்கிறார். ஒன்று முழங்கால் உயரம், அடுத்தது அரையடி தாழ்வு, இரண்டுக்கும் நடுவே வாய் பிளந்த கான். தலையில் அரிசி மூட்டையும் கையில் பிள்ளையுமாக வருகிற பெண் பத்தடிக்கு ஒருமுறை ஏறி இறங்குவாளா? தாரில் இறங்கித்தான் நடப்பாள். மூடுபனியும் சாரலும் சேர்ந்த மாலையில், குடையைச் சாய்த்துப் பிடித்து நடக்கிறவருக்குப் பின்னால் வரும் பஸ் தெரியாது. பஸ் சாரதிக்கும் அவர் தெரிவது கடைசி நொடியில்தான். சக்கர நாற்காலிக்காரரின் கதையே வேறு. பொதுக் கட்டடங்களும் பொது இடங்களும் எல்லோரும் அணுகக்கூடியவையாக இருக்க வேண்டும் என்று 2006இலேயே ஒழுங்குவிதிகள் வந்துவிட்டன. 2011இல் உயர் நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. அதனால் சில வாசல்களுக்குச் சரிவுப்பாதை கிடைத்தது, சரி. அந்த வாசல்வரை வந்து சேரும் வழியை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

ஆகவே கானின்மேல் ஒரே மட்டத்தில், இடைவெளியில்லாமல் மூடி போட வேண்டும். மூடினால் அடைத்துக்கொள்ளும், தென்மேற்குப் பருவமழைக்குத் தண்ணீர் கடைக்குள் வரும் என்பார்கள். நியாயமான பயம்தான், ஆனால் அது மூடியின் குற்றமல்ல, ஒரேயடியாக வார்த்துவிடுவதன் குற்றம். இரண்டு பேர் தூக்கக்கூடிய சிறு பலகைகளாக வார்த்து, கம்பி விட்டுத் தூக்கத் துளையும் நீர் இறங்கப் பிளவும் வைத்தால் மழைக்கு முன் திறந்து வாரிவிடலாம். பார்க்கப்போனால், இப்போது திறந்திருக்கும் கான்தான் பொலித்தீனை எல்லாம் வாங்கி அடைத்துக்கொள்கிறது. நடைபாதையில் வாகனம் நிறுத்த முடியாவிட்டால் வியாபாரம் படுத்துவிடும் என்பது கடைக்காரர்களின் கவலை. சம்பள நாளில் அவர்களுடைய கல்லாவை நிரப்புகிறவர்கள் பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து வருகிற தோட்டத்து ஜனம் என்பதை நினைத்துப் பார்த்தால் கவலை பாதி குறையும். வேகத்தையும் சொல்லியாக வேண்டும். நடப்பவர்களும் வாகனங்களும் கலக்கும் இடங்களில் மணிக்கு 30 கிலோமீற்றருக்கு மேல் போகக்கூடாது என்று 2020இல் ஸ்டொக்ஹோம் பிரகடனம் கூறியது. கார் மோதும் வேகம் 50இலிருந்து 65 ஆனால் நடப்பவர் சாகும் அபாயம் நாலரை மடங்காகிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

இதெல்லாம் கடைத்தெருவோடு நின்றுவிட்டால் பாதி வேலைதான். இங்கே நடை தொடங்குவது லயத்து வாசலில். தோட்டத்து வழிகளைப் பல்லாண்டு காலம் யாரும் தொடாததற்குச் சட்டமே ஒரு காரணம். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதி செல்வதைத் தடுத்துவந்தது. வாக்குப் போட்ட ஊருக்குச் சபை ஒரு கல் போட முடியவில்லை, எவ்வளவு விசித்திரம்! 2018இல்தான் அது திருத்தப்பட்டது. அதே காலத்தில் அம்பகமுவ பிரதேச சபை பிரிக்கப்பட்டு மஸ்கெலியாவுக்கும் தனிச் சபை வந்தது. ஆகவே தோட்டத்துச் சந்தியோடு வேலையை நிறுத்திக்கொள்ள அந்தப் பழைய காரணத்தை இனிச் சொல்ல முடியாது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. டிசெம்பர் போயாவில் தொடங்கி வெசாக் வரை சிவனொளிபாதமலைக்குப் போகும் பஸ்கள் மஸ்கெலியா வழியாகத்தான் அடிவாரத்து நல்லதண்ணிக்கு ஏறுகின்றன. வீதிக்குப் பணம் வந்தால் அந்த நெரிசலைக் காட்டியே வந்து, பஸ் திருப்பவும் வாகனம் நிறுத்தவும் போய்விடலாம். யாத்திரிகர் வசதியும் தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் வெசாக் முடிந்து கடைசி பஸ்ஸும் இறங்கிய பிறகு, ஆடி மழையில் அதே வீதியோரம் நடக்கப்போவது பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளும், படங்கைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடைக்கு வரும் கொழுந்துக்காரிகளும்தான்.