தீவகத்து நேயரை எண்ணுவது எப்படி?

நெடுந்தீவிலே ஒரு முதியவர் காலமாகிறார் என்று வைத்துக்கொள்க. மூத்த மகன் கொழும்பில் கடை நடத்துகிறான். இளையவன் தென்னிலங்கையில் வேறொரு பட்டினத்தில் இருக்கிறான். மகள் புங்குடுதீவில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். மற்றை உறவினர் வேலணையிலும் ஊர்காவற்றுறையிலும் சிதறிக் கிடக்கின்றனர். தொலைபேசி வீடுதோறும் வராத காலம் அது. கடல் கொந்தளித்தால் குறிகட்டுவானுக்குப் படகு ஓடாது; படகு ஓடாத நாளில் கடிதமும் நகராது. ஆயினும் வானொலியிலே, "நெடுந்தீவைப் பிறப்பிடமாகவும் வசிப்பிடமாகவும் கொண்ட" என்று அறிவிப்பாளர் தொடங்கிய மாத்திரத்தில் நான்கு ஊர்களில் நான்கு வீடுகள் ஒரே கணத்தில் மௌனமாகிவிடும். உற்றார் உறவினர் நண்பர்கள் இவ்வறிவித்தலை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று அது முடிவதற்குள் ஒருவர் பயணத்துக்குச் சட்டையை எடுத்திருப்பார்.

இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையில் கட்டணம் பெற்று வாசிக்கப்பட்ட மரண அறிவித்தலைக் கலைநிகழ்ச்சி என்று எவரும் சொல்லார். அதைப் பாராட்டிக் கடிதம் எழுதியவரும் அரியர். ஆனால் தீவகத்தார் வானொலியை எதற்காக அணைக்காமல் வைத்திருந்தனர் என்று கேட்டால், முதலில் வரும் விடைகளுள் இதுவும் ஒன்றாகும். நேயரை எண்ணும் கணக்கு எங்கே இடறுகிறது என்பதற்கும் இதுவே நல்ல உதாரணம்.

இலங்கையில் ஒலிபரப்பு 1925ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள், தந்தித் திணைக்களத்தைச் சேர்ந்த எட்வர்ட் ஹார்ப்பரின் முயற்சியால் முறையாகத் தொடங்கியது. 1949இல் ரேடியோ சிலோன் என்னும் பெயர் வந்தது; மறு ஆண்டில் வர்த்தக சேவை பிறந்தது. விளம்பரம் கொடுப்பவன், தன் பணத்துக்கு எத்தனை செவிகள் கிடைத்தன என்று கேட்பான் அல்லவா? அதற்கு அந்நாளில் எளிதாகக் கிடைத்த விடை தபாற்பைதான். 1952இன் இறுதியில் அமீன் சயானி நடத்தத் தொடங்கிய பினாக்கா கீத்மாலா என்ற ஹிந்தி நிகழ்ச்சிக்கு வாரந்தோறும் பல்லாயிரம் கடிதங்கள் குவிந்தன. இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கிவைத்திருந்த காலம். கொழும்பு அவற்றை வழங்கியது. தமிழில் எஸ். பி. மயில்வாகனத்தின் குரலுக்குத் தமிழ்நாட்டிலும் பெரும் வரவேற்பு இருந்தது.

கடிதம் எதை அளக்கிறது? எழுதத் தெரிந்தவரை, எழுத விரும்பியவரை, முத்திரைக்குக் காசுள்ளவரை அளக்கிறது. கீத்மாலாவின் தொடக்கக் காலக் கடிதங்களுக்குப் பரிசுப் போட்டியும் ஒரு காரணம். அடுப்படியில் நின்று கேட்கும் தாய் எழுதுவதில்லை. வலையைச் செப்பனிட்டபடி கேட்கும் மீனவரும் எழுதுவதில்லை. அனுமதிப்பத்திரத்தை எண்ணினாலும் பெட்டிகளின் தொகையே தெரியும். ஒரு வீட்டுப் பெட்டியைச் சுற்றி அயலவர் எத்தனை பேர் அமர்ந்தனர் என்று பத்திரம் சொல்லாது.

இக்குறையைப் பிற நாட்டார் முன்னரே கண்டனர். பி.பி.சி. நிறுவனம் 1936இல் ராபர்ட் சில்வியை நேயர் ஆய்வுக்கு அமர்த்தியது. 1939 முதல் நாள்தோறும் மக்களிடம், முந்திய நாள் என்னென்ன கேட்டீர்கள் என்று வினவும் முறை நடைபெற்றது. அமெரிக்காவில் நீல்சன் நிறுவனம், பெட்டி எந்த நிலையத்தில் நிற்கிறது என்பதைத் தானே பதிந்துகொள்ளும் கருவியை வீடுகளில் பொருத்தியது. எல்லாரையும் கேட்கவேண்டியதில்லை, ஒழுங்காகத் தெரிந்தெடுத்த சிலரைக் கேட்டாற் போதும் என்பதே இவற்றின் அடிப்படை. பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று தமிழர் நெடுங்காலமாகச் சொல்லிவருவதும் இதுதான். ஆனால் பானையை நன்றாகக் கிளறியிருக்க வேண்டும்.

இலங்கையின் மக்கள்தொகை ஏறத்தாழ 2 கோடியே 17 இலட்சம். நாடு முழுவதிலும் 2,000 பேரைத் தெரிந்தெடுத்தால் ஒருவர் ஏறத்தாழ 11,000 பேருக்காகப் பேசுகிறார். நெடுந்தீவில் வாழ்வோர் 5,000 பேருக்கும் குறைவு. ஆகவே அத்தீவின் பங்கு அரை ஆள்கூட இல்லை! கணக்கிலே பிழை இல்லை. நாட்டுச் சராசரிக்கு அது போதும். ஆனால், தீவகத்துக்கு இந்த நிகழ்ச்சி வேண்டுமா, நிறுத்தலாமா என்று அதே ஏட்டைப் பார்த்து முடிவு செய்தால் அங்கேதான் அநீதி நேர்கிறது.

இன்னொரு குறையும் உண்டு. காலநிலை அறிவித்தலைக் கடலோடி ஒருவர் தொண்ணூற்றொன்பது நாள் அரைச்செவியோடு கேட்டு, நூறாம் நாள் உயிரைப் பிடித்துக்கொண்டு கேட்பார். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலை அறிந்த கரையோர மக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சராசரியோ அந்த நூறு நாளையும் ஒரே தராசில் நிறுக்கிறது.

கேட்கும் வேட்கையைக் கண்ணாற் காணக்கூடிய காலமும் ஒன்று வந்தது. 1990ஆம் ஆண்டின் பின் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருளாயிற்று. தீவகத்திலிருந்து இடம்பெயர்ந்தோர் பலரும் அங்கே அடைக்கலம் புகுந்திருந்தனர். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையாற் சுழற்றி, டைனமோவில் பிறந்த மின்சாரத்தைக் கம்பி வழியே வானொலிக்கு ஊட்டினர். லண்டன் தமிழோசையும் மணிலாவின் வெரித்தாஸும் அவ்வாறு கேட்கப்பட்டன. கை தளர்ந்தால் குரலும் தளரும். ஒருவர் களைத்தால் அடுத்தவர் சுழற்றுவார். பொழுதுபோக்குக்காக இவ்வளவு பாடுபடுவார் எவரும் இலர். எனினும், எத்தனை வீடுகள் என்று கேட்கும் எந்த ஏட்டிலும் இந்த உழைப்புக்கு ஒரு நிரல் இல்லை.

தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017இல் நின்றது. மரண அறிவித்தல் இன்று பெரும்பாலும் கைத்தொலைபேசிக்கு வந்துவிட்டது. அதைத் திறந்து பார்த்தோர் தொகையை இயந்திரமே உடனுக்குடன் காட்டுகிறது. பார்த்தவர் உறவினரா, வழிப்போக்கரா என்று அது பிரித்துச் சொல்வதில்லை.

புள்ளிவிவர நூலார் இதற்கொரு பரிகாரம் வைத்திருக்கின்றனர். சிறு பகுதி ஒன்றைத் தனிப் படையாகக் கொண்டு, அதன் விகிதத்துக்கு மேலாக, நூறு பேரையேனும் கேட்டல் வேண்டும். நாட்டுத் தொகையோடு சேர்க்கும்போது மாத்திரம் அந்நூற்றுவரின் நிறையைக் குறைத்துக்கொள்ளலாம். அப்போது தீவகத்தின் விருப்பமும் தெளிவாகத் தெரியும். மொத்தக் கணக்கும் கோணாது. செலவு சற்றுக் கூடும், அவ்வளவே. குறிகட்டுவான் துறையில் படகுக்குக் காத்திருப்போரிடம் வினாவுவது எளிது. ஆனால் அங்கே பயணம் செய்ய வல்லவர் மட்டுமே அகப்படுவர். வானொலியை அதிகம் நம்பியிருக்கும் முதியோர் வீட்டில் இருக்கின்றனர். அவர்களைக் கேட்க ஆய்வாளர் தாமே படகேறிப் போகவேண்டும்.