நீலகிரியின் ஓட்டுக் கணக்கு: மலையின் மூத்த குடிகளுக்கு எத்தனை நாற்காலி?

ஊட்டி நகராட்சியில் 36 வார்டுகள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நகரில் 88,430 பேர். ஒரு வார்டுக்குச் சராசரியாகச் சுமார் 2,450 பேர். அதே கணக்கெடுப்பில் தமிழ்நாடு முழுவதும் பதிவான தோடர்களின் எண்ணிக்கை 2,002. மலையில் சிதறிக்கிடக்கும் எல்லா மந்துகளிலிருந்தும் தோடர்களைக் கூட்டிவந்து ஒரே இடத்தில் குடிவைத்தாலும், ஊட்டியின் ஒரு வார்டுகூட நிரம்பாது!

குடிநீர்க் குழாய், தெருவிளக்கு, குடியிருப்புக்குப் போகும் பாதை... எல்லாவற்றையும் முடிவு செய்வது உள்ளாட்சி மன்றம்தான். அங்கே எண்ணிக்கைதான் பேசும். அப்படியென்றால், எண்ணிக்கையில் சிறுத்துப்போனவர்களின் குரல் எப்படிக் கேட்கும்?

மலையேறி வந்தவர்கள்

1819-ல் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் நீலகிரிக்கு வந்தபோது இங்கே நகரம் கிடையாது. தோடர்களின் மந்துகள், கோத்தர்களின் ஊர்கள், படுகர்களின் ஹட்டிகள், காடுகளில் குறும்பர், இருளர் குடியிருப்புகள். அதன்பிறகு நகரங்கள் வந்தன. காபி, தேயிலைத் தோட்டங்கள் வந்தன. அவற்றில் வேலை செய்யச் சமவெளியிலிருந்து ஆட்கள் வந்தார்கள். கூடலூர், பந்தலூர் பக்கம் கேரளத்திலிருந்தும் குடியேறினார்கள்.

விளைவு, 2011-ல் மாவட்டத்தில் பழங்குடியினரின் பங்கு 4.46 சதவீதம்தான். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என ஆறு பழங்குடிகளும் சேர்ந்தே இந்தக் கணக்கு. படுகர்கள் இந்தப் பட்டியலில் இல்லை. தங்களையும் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்பது அவர்களின் நெடுநாள் கோரிக்கை.

கடல் தாண்டி வந்த ஓட்டு

இலங்கையில் 1947 பொதுத்தேர்தலில் மலையகத் தமிழர்களின் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 இடங்களில் வென்றது. அடுத்த ஆண்டே வந்த குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1949-ல் ஓட்டும் பறிபோனது. 1964-ல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக முடிவானது. அப்படித் தாயகம் திரும்பியவர்களில் பலர் வந்துசேர்ந்த இடம் நீலகிரி. அவர்களுக்கு வேலை கொடுக்க அரசே தேயிலைத் தோட்டங்களை உருவாக்கியது. அதுதான் இன்றைய டேன்டீ.

அவர்களில் கணிசமானோர் பட்டியல் சாதியினர். 2011-ல் மாவட்ட மக்களில் பட்டியல் சாதியினர் 32 சதவீதம். 2009 முதல் நீலகிரி மக்களவைத் தொகுதி அவர்களுக்கான தனித்தொகுதி. கூடலூர் சட்டமன்றத் தொகுதியும் அப்படியே. ஒரு நாட்டில் ஓட்டுரிமையை இழந்தவர்கள், இன்னொரு நாட்டின் தேர்தல் கணக்கில் கனம் கூட்டினார்கள்.

பழங்குடியினருக்கு அந்தக் கனம் கிடைக்கவில்லை. தமிழகத்தில் அவர்களுக்கென ஒதுக்கப்பட்ட சட்டமன்றத் தொகுதிகள் இரண்டே இரண்டு. ஏற்காடும் சேந்தமங்கலமும். நீலகிரியில் ஒன்றுகூட இல்லை. அவர்களுக்கு மிஞ்சியிருப்பது உள்ளாட்சி மன்றம்தான்.

அரைக்கும் குறைவான இடம்

உள்ளாட்சியில் இடஒதுக்கீடு அந்தந்த ஊரின் மக்கள்தொகை விகிதப்படி. 15 வார்டு உள்ள பேரூராட்சியில் பழங்குடியினர் 3 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்குப்படி அவர்களுக்கு வருவது 0.45 இடம். அரை நாற்காலியில் யாரும் உட்கார முடியாது அல்லவா? சுற்றிலும் புதுக் குடியிருப்புகள் பெருகப் பெருக, அவர்கள் எண்ணிக்கை குறையாவிட்டாலும் விகிதம் குறையும். ஒரே குடியிருப்பை வார்டு எல்லைக்கோடு இரண்டாகப் பிரித்தால் இருக்கிற பலமும் போய்விடும்.

ஒடிசா, ஜார்க்கண்ட் போன்ற மாநிலங்களில் ஐந்தாம் அட்டவணைப் பகுதிகள் உண்டு. அங்கே ஊராட்சித் தலைவர் பதவிகள் அனைத்தும் பழங்குடியினருக்கே. தமிழ்நாட்டில் அப்படி அறிவிக்கப்பட்ட பகுதி ஒன்றுமில்லை.

ஆனாலும் ஒதுக்கீடு கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு நெல்லியாளம் உதாரணம். 2022 தேர்தலில் அந்த நகராட்சியின் தலைவர் பதவி பழங்குடியினப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டது. தி.மு.க-வின் சிவகாமி தலைவரானார். ஆனால் ஒதுக்கீடு சுழற்சி முறையில் மாறும். அந்த நாற்காலி நிரந்தரமில்லை.

இறங்கிப் போகிறவர்கள்

இப்போது காற்று மறுபக்கம் வீசுகிறது. 2001-ல் 7,62,141 ஆக இருந்த மாவட்ட மக்கள்தொகை, 2011-ல் 7,35,394 ஆனது. அந்தப் பத்தாண்டில் தமிழகத்தில் மக்கள்தொகை குறைந்த ஒரே மாவட்டம் நீலகிரிதான். பச்சைத் தேயிலைக்கு விலை கட்டுப்படியாகாமல் போக, தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் கோவைக்கும் திருப்பூருக்கும் இறங்குகிறார்கள். அவர்கள் விட்டுப்போன வேலைக்கு வடமாநிலத் தொழிலாளர்கள் வருகிறார்கள். போனவர்களில் பலர் பெயர் ஊர்ப் பட்டியலில் இருக்கிறது, ஆள் இல்லை. வந்தவர்கள் இங்கே வசிக்கிறார்கள், பலருக்கு ஓட்டு சொந்த ஊரில். லைன் வீடுகளில் நிரம்பியிருந்த ஓட்டு பலமும் மெல்லக் கரைகிறது.

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027-ல். 2011 எண்களை வைத்துப் போட்ட வார்டு, இடஒதுக்கீட்டுக் கணக்குகள் அதன்பிறகு மாறக்கூடும். காட்டோரக் குடியிருப்பில் ஒரு வீடு விட்டுப்போனாலும் அந்தச் சமூகத்துக்கு நஷ்டம். கணக்கெடுப்பவர் வரும்போது குடும்பத்தில் எல்லோரையும், சமூகத்தின் பெயரையும் சரியாகப் பதியச் சொல்வது அவசியம். வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வதும் அப்படியே. வார்டு எல்லை வரைவு வெளியாகும்போது ஆட்சேபம் சொல்லவும் வழி உண்டு.

எண்ணிக்கை கைகொடுக்காத இடத்திலும் ஒரு கதவு திறந்திருக்கிறது. 2006 வன உரிமைச் சட்டப்படி, காட்டுக்குள் இருக்கும் சின்னக் குடியிருப்பும் தனக்கென்று கிராம சபை கூட்டலாம். வயதுவந்த எல்லோரும் அதில் உறுப்பினர்கள். வார்டில் அரை இடம்கூடத் தேறாதவர்கள், அந்தச் சபையில் முழுப் பெரும்பான்மை!