தானாக நிற்கும் முன் நாமாக நிறுத்த வேண்டும்

ஊருக்குப் போக ரெயில் ஏறும்போது பெட்டியின் முனைச் சுவரைக் கவனித்திருக்கிறீர்களா? இரண்டு பெட்டிகள் சேரும் பக்கத்தில் சில எழுத்துகளும் தேதிகளும் எழுதப்பட்டிருக்கும். அந்தப் பெட்டி எந்தப் பட்டறையில் முழுப் பராமரிப்பு செய்யப்பட்டது, எந்தத் தேதியில் வெளியே வந்தது, மறுபடி எப்போது பட்டறைக்குத் திரும்ப வேண்டும் என்ற விவரம் அது. ரெயில்வேக்காரர்கள் இதை 'பி.ஓ.எச்.' என்பார்கள். மும்பையில் மாட்டுங்கா பட்டறையிலும், சென்னையில் பெரம்பூர் பட்டறையிலும் இந்த வேலை நடக்கிறது.

தேதி நெருங்கும்போது பெட்டி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கும். விளக்கு எரியும். சக்கரம் சுழலும். ஆனாலும் அதை ஓட்டத்தில் இருந்து எடுத்து, சக்கரம், பேரிங், ஸ்பிரிங், பிரேக் எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்து, தேய்ந்ததை மாற்றிய பிறகே மீண்டும் அனுப்புகிறார்கள். வழியில் வண்டி தானாக நின்றால் என்ன ஆகும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

தொழிற்சாலைகளில் இந்தப் பழக்கம் எல்லா இடத்திலும் இல்லை. "ஓடுகிற எந்திரத்தை ஏன் நிறுத்த வேண்டும்? நின்றால் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தானே–பேலாப்பூர் சாலையிலும், அம்பர்நாத்திலும், தலோஜாவிலும் வேலை செய்யும் நம்மவர்கள் இந்தப் பேச்சைக் கேட்காமல் இருந்திருக்க மாட்டார்கள். அப்படிப் பார்த்துக்கொள்வதற்கு ஆகும் செலவு என்ன, அதை யார் கொடுக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

பத்து எந்திரக் கணக்கு

ஒரு சிறிய கணக்கைப் பார்ப்போம். ஓர் எந்திரம் 100 மணி நேரத்தில் 95 மணி நேரம் ஓடுகிறது. 5 மணி நேரம் ரிப்பேரில் நிற்கிறது. கேட்பதற்கு இது நல்ல எந்திரம் போலத்தான் தோன்றும்.

ஆனால் பெரிய ஆலையில் எந்திரங்கள் தனித்தனியாக ஓடுவது இல்லை. ஒன்று கொடுக்கும் சரக்கை அடுத்தது வாங்குகிறது. அப்படிப் பத்து எந்திரங்கள் வரிசையாக இருக்கின்றன. இடையில் சரக்கைச் சேர்த்து வைக்க இடம் இல்லை. ஒவ்வொன்றும் மற்றதோடு தொடர்பு இல்லாமல், தற்செயலான நேரத்தில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். எல்லாம் சேர்ந்து ஓடும் நேரம் 100 மணியில் சுமார் 60 மணிதான்! 95 சதவீதத்தைப் பத்து முறை பெருக்கிப் பார்த்தால் இது தெரியும்.

அதே பத்து எந்திரங்களும் 99 சதவீதம் ஓடினால், வரிசை 90 மணி நேரம் ஓடும். ஒவ்வோர் எந்திரத்திலும் 4 மணி நேரம் மிச்சப்படுத்தினால் ஆலைக்கு 30 மணி நேரம் கிடைக்கிறது. உற்பத்திப் படியும் ஓவர்டைமும் இந்த நேரத்தைப் பொறுத்தே இருக்கின்றன. ஆகவே பராமரிப்பு என்பது பிட்டருக்கும் மெக்கானிக்குக்கும் மட்டும் உரிய விஷயம் அல்ல.

பிரித்ததால் வந்த பழுது

அப்படியானால் எல்லா எந்திரத்தையும் அடிக்கடி பிரித்துப் பார்த்தால் போதுமா? போதாது. சில சமயம் அதுவே கெடுதலாகும்.

இரண்டாவது உலகப் போரின்போது இங்கிலாந்தின் கடலோர விமானப் படையில், குறிப்பிட்ட மணி நேரம் பறந்ததும் விமானத்தைப் பிரித்துச் சோதிப்பது வழக்கம். வாடிங்டன் என்ற விஞ்ஞானியும் அவருடன் இருந்தவர்களும் பழுதுக் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். சோதனை முடிந்த உடனே பழுதுகள் அதிகமாகி, பிறகு நாள் போகப் போகக் குறைந்திருந்தன! நன்றாக இருந்ததைக் கழற்றி மாட்டியதில் புதுக் கோளாறுகள் நுழைந்திருந்தன. வாடிங்டன் ஓர் உயிரியல் விஞ்ஞானி. இந்த விவரங்களைச் சொல்லும் அவருடைய நூல் 1973-ல் வெளிவந்தது.

1978-ல் அமெரிக்காவில் நவுலன், ஹீப் என்ற இருவர் விமான உதிரிப் பாகங்களைப் பற்றி ஓர் அறிக்கை கொடுத்தார்கள். வயதாக ஆகத் தேய்ந்து கெடும் தன்மை 11 சதவீதப் பாகங்களில்தான் காணப்பட்டது. மற்றவற்றுக்குத் தேதி வைத்து மாற்றுவதால் பெரிய பலன் இல்லை என்று தெரிந்தது. எல்லா ஆலைக்கும் அதே சதவீதம் பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனால் பாடம் பொதுவானது. தேய்ந்து கெடும் பாகத்துக்குத் தேதி வைக்க வேண்டும். மற்றதைப் பிரிக்காமல் கண்காணிக்க வேண்டும்.

முன்கூட்டியே நோட்டீசு

கண்காணித்தால் என்ன தெரியும்? ஒரு பேரிங்கை எடுத்துக்கொள்வோம். முதலில் உள்ளே கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுகிறது. அப்போது அதிர்வு மாறும். அதை அளக்கும் கருவிக்குத் தெரியும். பிறகு காதுக்குச் சத்தம் கேட்கும். அதன் பிறகு கைக்குச் சூடு தெரியும். புகை வரும்போது காரியம் முடிந்துவிட்டது. பெரும்பாலான பேரிங்குகள் இப்படி முன்கூட்டியே நோட்டீசு கொடுத்துவிட்டுத்தான் போகின்றன.

எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்ப்பது என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. முதல் அறிகுறி தெரிந்ததில் இருந்து உடைவதற்கு இரண்டு மாதம் ஆகும் என்றால், மாதம் ஒருமுறையாவது பார்க்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால், நோட்டீசு வந்ததும் தெரியாது, எந்திரம் போனதும் தெரியாது.

பல பேரிங்குகள் வயதாகிச் சாவதும் இல்லை. கிரீஸ் குறைந்தாலும் சூடு. அளவுக்கு மேல் திணித்தாலும் சூடு. பெல்ட்டை அதிகமாக இறுக்கினாலும், மோட்டாரும் பம்பும் நேர்க்கோட்டில் இல்லாவிட்டாலும் புது பேரிங்கே சீக்கிரம் போய்விடும். மாற்றிய பேரிங் மறுபடி மறுபடி போகிறது என்றால் குற்றம் பேரிங்கில் இல்லை. காரணத்தைத் தேட வேண்டும்.

போபாலில் நடந்தது

ஓடும் எந்திரமாவது சத்தம் போட்டுச் சொல்லும். ஆபத்து நேரத்தில் மட்டும் வேலை செய்ய வேண்டிய காவல் கருவி சும்மாவே நிற்கிறது. அது கெட்டுப் போனாலும் உற்பத்தி நிற்காது. ஆகவே அதை யாரும் கவனிப்பது இல்லை.

இதற்கு போபாலைவிடக் கொடிய உதாரணம் கிடையாது. 1984 டிசம்பர் 2-ந் தேதி நள்ளிரவு யூனியன் கார்பைடு பூச்சிமருந்து ஆலையில், சுமார் 40 டன் மீதைல் ஐசோசயனேட் இருந்த தொட்டிக்குள் தண்ணீர் புகுந்தது. தண்ணீர் எப்படிப் புகுந்தது என்பது பற்றி இன்றும் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். ஆனால் காவல் கருவிகளின் நிலை என்ன என்பது தெரிந்த விஷயம்.

தொட்டியைக் குளிர வைக்கும் கருவி அந்த ஆண்டு ஜூன் மாதமே நிறுத்தப்பட்டிருந்தது. கசியும் வாயுவை எரித்துவிட வேண்டிய கோபுரம், அரித்துப்போன குழாயை மாற்றுவதற்காகக் கழற்றப்பட்டு இணைப்பு இல்லாமல் நின்றது. வாயுவைக் கழுவும் கருவியும் உடனே இயங்கும் நிலையில் இல்லை. மூன்றும் சரியாக இருந்திருந்தால் அத்தனை வாயுவையும் தடுத்திருக்கும் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் மூன்றையும் ஒரே சமயத்தில் இழந்த ஆலை, அந்தத் தொட்டியை நிரப்பி வைத்திருந்தது. ஆயிரக்கணக்கான மக்கள் உயிர் இழந்தார்கள்.

குழாயை மாற்ற வேண்டியதுதான். ஆனால் அதைக் கழற்றும்போது, "இது திரும்ப மாட்டப்படும் வரை காவலுக்கு வேறு என்ன இருக்கிறது?" என்ற கேள்வி எழ வேண்டும். அந்தக் கேள்விக்குப் பதில் எழுதிய பிறகு ஸ்பானரைத் தொடுவதற்குப் பெயர்தான் திட்டம்.

உஞ்சாகரில் நடந்தது

உத்தரப் பிரதேசம் ரேபரேலி மாவட்டம் உஞ்சாகரில் தேசிய அனல் மின் கழகத்தின் மின் நிலையம் இருக்கிறது. 2017 நவம்பர் 1-ந் தேதி அங்கே 500 மெகாவாட் திறன் கொண்ட, புதிதாக அமைக்கப்பட்ட 6-வது அலகில் பெரும் விபத்து நடந்தது. கொதிகலனின் அடியில் சாம்பல் கட்டிகட்டியாகச் சேர்ந்துவிட்டது. அலகு ஓடிக்கொண்டிருக்கும்போதே அதை அகற்றும் வேலை நடந்தது. திடீரென்று உள்ளே இருந்த சூடான வாயுவும் சாம்பலும் வெடித்து வெளியே பாய்ந்தன. 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் காண்டிராக்ட் தொழிலாளர்கள் பலர்.

பிழைப்புக்காக வெளியூர் போய் வேலை செய்பவனுக்கு இந்தச் செய்தி அந்நியமானது அல்ல. எந்திரத்தை நிறுத்துவதா, ஓட்டிக்கொண்டே சரி செய்வதா என்ற முடிவு மேலே எடுக்கப்படுகிறது. கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே நிற்பவன் காண்டிராக்ட் தொழிலாளி.

திட்டம் என்றால் என்ன?

சுவரில் மாட்டிய அட்டவணை மட்டும் திட்டம் ஆகாது. ஒரு வேலைக்கு என்ன ஸ்பேர் வேண்டும், அது ஸ்டோரில் இருக்கிறதா, எத்தனை பேர், எத்தனை மணி நேரம், எந்த சுவிட்சை அணைத்துப் பூட்ட வேண்டும், எந்த வால்வை மூட வேண்டும் என்பதெல்லாம் வேலைக்கு முன்பே காகிதத்தில் இருக்க வேண்டும். எந்திரத்தைப் பிரித்த பிறகு ஸ்டோருக்கு ஓடினால், இரண்டு மணி நேர வேலை இரண்டு நாள் ஆகும்.

பாக்கி வேலைக்கும் கணக்கு வேண்டும். மூன்று பிட்டர்கள், ஆளுக்கு வாரம் 40 மணி, மொத்தம் 120 மணி. பாக்கி வேலை 240 மணி என்றால் இரண்டு வாரத்தில் முடியும். ஆனால் அவர்கள் நேரத்தில் பாதி திடீர் ரிப்பேருக்கே போகிறது என்றால் நான்கு வாரம் ஆகும். அதற்குள் புதுப் பாக்கி சேரும். தள்ளிப் போட்ட வேலையே அடுத்த மாதத் திடீர் ரிப்பேராக வந்து நிற்கும். இந்தப் பாக்கிக் கணக்கை வாரம் ஒருமுறை உற்பத்தி அதிகாரியும் பராமரிப்பு அதிகாரியும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்து, எந்த எந்திரத்தை எந்த நாள் நிறுத்துவது என்று முடிவு செய்ய வேண்டும். முடிவு செய்த நாளில் ஆர்டர் அவசரம் என்று ஓட்டிவிடக் கூடாது.

தொழிலாளி செய்யக்கூடியது

எந்திரம் கொடுக்கும் நோட்டீசு முதலில் கிடைப்பது அதன் பக்கத்தில் நிற்பவருக்குத்தான். "பம்பில் சத்தம் வருகிறது" என்று போகிற போக்கில் சொன்னால் அது காற்றோடு போய்விடும். "2-ம் நம்பர் பம்பு, மோட்டார் பக்கத்துப் பேரிங், நேற்றைவிடச் சூடு அதிகம், காலை 10 மணி" என்று லாக் புத்தகத்தில் ஏற வேண்டும். இந்தியோ மராத்தியோ எழுத வராதவர்கள், தெரிந்த தோழரைக் கொண்டு எழுதச் சொல்லலாம். அடுத்த ஷிப்டுக்காரரிடம் நேரில் சொல்லிவிட்டே வெளியேற வேண்டும்.

எந்திரத்துக்குள் கை வைக்கும் முன் மெயின் சுவிட்சை அணைத்து, பூட்டி, சாவியைத் தன்னிடமே வைத்துக்கொள்ள வேண்டும். "ஐந்து நிமிட வேலைதானே" என்று சொல்லும் மேஸ்திரியின் பேச்சைக் கேட்கக் கூடாது.

ஆபத்து வரும் என்று தெரிந்தால் எச்சரிக்கும் உரிமை தொழிலாளிக்குச் சட்டப்படி உண்டு. போபாலுக்குப் பிறகு, 1987-ல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தியபோது இதற்கென்றே 41-எச் என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. அதற்குப் பதிலாக வந்துள்ள 2020-ம் ஆண்டின் தொழிற்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும், ஆபத்தை நிர்வாகத்துக்கும் அரசு ஆய்வாளருக்கும் தெரிவிக்க வழி இருக்கிறது.

ஸ்டோரிலும் டைம் ஆபீசிலும் இருக்கும் நம் குமாஸ்தா நண்பர்களுக்கும் இதில் பங்கு உண்டு. லாக் புத்தகத்தில் ஏறிய புகாருக்கு எத்தனை நாளில் பதில் வந்தது, ஸ்பேர் கேட்ட சீட்டு எந்த மேஜையில் கிடக்கிறது என்பதை அவர்களே அறிவார்கள். அந்தச் சீட்டை ஒரு நாள் முன்னதாக நகர்த்தினாலும் எங்கோ ஒருவர் சூடான எந்திரத்துக்குக் கீழே போய் நிற்க வேண்டிய அவசியம் இல்லாமல் போகும்.