ஆண்களுக்கும் மார்பகப் புற்று வரும்!

"ஆம்பளைக்கு எப்படி டாக்டர் மார்புப் புற்று வரும்?" என்று கேட்டார் அந்த ஓய்வுபெற்ற அலுவலர். வலது காம்புக்குப் பின்னால் கொட்டைப்பாக்கு அளவில் ஒரு கட்டி. வலி இல்லை, அதனால் எட்டு மாதமாக யாரிடமும் மூச்சு விடவில்லை. துணி துவைக்கும்போது பனியனில் ரத்தக் கறையைப் பார்த்து, கையோடு அழைத்து வந்தவர் அவர் மனைவி. "பற்று ஏதாவது போட்டுக் கரைச்சிடுங்க" என்றார்கள். நான் பற்று போடவில்லை. அன்றைக்கே புற்றுநோய் மருத்துவரிடம் அனுப்பி வைத்தேன்.

ஆணுக்கும் காம்புக்குப் பின்னால் கொஞ்சம் மார்பகத் திசு உண்டு. திசு இருக்கும் இடத்தில் புற்றும் வரலாம். மார்பகப் புற்று வரும் 100 பேரில் ஏறக்குறைய ஒருவர் ஆண். பெரும்பாலும் 60 வயதையொட்டி வரும். இளைய வயதிலும் வருவதுண்டு.

மார்பு பெருத்தாலே புற்று என்று பயப்பட வேண்டாம். மென்மையாக, தொட்டால் வலிக்கிற வீக்கம் பெரும்பாலும் ஹார்மோன் மாறுபாட்டால் வருவது. ஒரு பக்கம் மட்டும் கெட்டியான கட்டி, காம்பு உள்ளிழுத்துக் கொள்வது, நீரோ ரத்தமோ கசிவது, ஆறாத புண், அக்குளில் நெறி கட்டுவது — இவை எச்சரிக்கை. ஆணின் மார்பில் சதை குறைவு; அதனால் சின்னக் கட்டிகூட சீக்கிரமே தோலையும் தசையையும் எட்டிவிடும்.

குடியால் கெட்ட கல்லீரல், அதிக உடல் பருமன், பரம்பரை ஆகியவை ஆபத்தைக் கூட்டும். குறிப்பாக பிஆர்சிஏ2 என்ற மரபணுக் கோளாறு, தகப்பனிடமிருந்து மகனுக்கும் வரலாம், மகளுக்கும் வரலாம். ஆகவே அப்பாவுக்கு இந்த நோய் என்றால், பிள்ளைகளும் உடன்பிறந்தவர்களும் மருத்துவரிடம் ஆலோசனை கேட்பது அவசியம்.

மாமோகிராம், ஸ்கேன், கட்டியில் ஊசி போட்டுத் திசு எடுத்துச் சோதிப்பது — இவற்றால் உண்மை தெரிந்துவிடும். அறுவை சிகிச்சைதான் முதல் வழி. ஆண்களுக்கு வரும் இந்தப் புற்றில் பெரும்பாலானவை ஹார்மோன் சார்ந்தவை என்பதால் டாமாக்ஸிஃபென் மாத்திரையும் நன்றாகக் கேட்கும்.

சித்த வைத்தியனாகவே சொல்கிறேன்: பசியின்மைக்கும் அசதிக்கும் எங்களிடம் வாருங்கள், அதையும் புற்றுநோய் மருத்துவருக்குத் தெரிவித்துவிட்டே செய்யுங்கள். கட்டியின் மேல் பற்று போட்டு நாளைக் கடத்தாதீர்கள்.

அந்த அலுவலர் அறுவை சிகிச்சை முடிந்து இன்று நலமாக நடமாடுகிறார். எட்டு மாதம் முன்பே வந்திருந்தால் சிரமம் இன்னும் குறைந்திருக்கும். குளிக்கும்போது சோப்புக் கையோடு மார்பையும் அக்குளையும் ஒருமுறை தடவிப் பாருங்கள். ஏதாவது தட்டுப்பட்டால் வீட்டில் சொல்லுங்கள். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?