உடலில் உள்ள குறியும் மனிதரின் மதிப்பும்

பட்டணத்துக்கு வேலைக்குப் போன மகன் கையில் பச்சை குத்திக்கொண்டு வீடு திரும்பினால் எமது வீடுகளில் நடப்பது பெரும்பாலும் ஒன்றுதான். தாய் கண் கலங்குவார். தகப்பன் கதைக்காமல் எழும்பிப் போவார். 'பிள்ளை கெட்டுப் போய்விட்டான்' என்று அயலவர்கள் தீர்ப்புக் கூறிவிடுவார்கள். மகள் காதில் மூன்றாவது துளை போட்டாலும் இதே கதைதான். இளையவர்களோ, 'என் உடம்பு, என் விருப்பம்' என்று ஒரே வசனத்தில் பதில் சொல்லிவிடுகின்றனர். இரு பகுதியினரும் அத்தோடு பேச்சை நிறுத்திக்கொள்கின்றனர்.

ஆயினும் இது நிறுத்திவிட வேண்டிய பேச்சல்ல. உடலில் உள்ள அடையாளத்தைக் கொண்டு மனிதரை எடைபோடும் பழக்கத்தால் எமது மக்கள் அடைந்த துன்பம் சிறிதல்ல. அதேவேளை, சுத்தமில்லாத ஓர் ஊசி ஒரு குடும்பத்தின் எதிர்காலத்தையே பாதிக்கவும் கூடும். எனவே ஆத்திரப்படாமல் இவ்விடயத்தை ஆராய்ந்து பார்ப்போம்.

பாட்டிமாரின் பச்சை

பச்சை குத்துதல் மேல்நாட்டிலிருந்து வந்த புதுப்பழக்கம் என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியல்ல. தமிழ்நாட்டின் கிராமங்களில் உழைக்கும் குடும்பங்களைச் சேர்ந்த பெண்கள் முன்கையிலும் நெற்றியிலும் நாடியிலும் புள்ளிகளும் கோலங்களும் குத்திக்கொள்வது நெடுங்கால வழக்கம். ஊர் ஊராகச் சென்ற குறவர் சமூகப் பெண்கள் இதனைத் தொழிலாகச் செய்துவந்தனர். மஞ்சளையும் அகத்தி இலையையும் அரைத்துத் துணியில் தடவித் திரியாக்கி எண்ணெயில் எரிப்பார்கள். அதன்மேல் புதுச்சட்டியைக் கவிழ்த்து, அதில் படியும் கரியைச் சுரண்டித் தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ குழைத்து, ஊசியால் குத்தித் தோலினுள் செலுத்துவார்கள். கரி கறுப்பாயினும் தோலின் கீழே இருந்து பார்வைக்குப் பசுமையாகத் தெரியும். அதனாலேயே இதற்குப் 'பச்சை' என்ற பெயர் வந்தது.

19ஆம் நூற்றாண்டில் திருச்சி, மதுரை, இராமநாதபுரம், சேலம் முதலிய பகுதிகளிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்கு வந்த மக்கள் இவ்வழக்கத்தையும் கூடவே கொண்டுவந்தனர். 1977ஆம், 1983ஆம் ஆண்டுகளின் வன்செயல்களுக்குப் பின்னர் மலையகத்திலிருந்து வந்து வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் குடியேறியவர்கள் பலர். காடு வெட்டி, கிணறு தோண்டி, வன்னி மண்ணை விளைநிலமாக்கியதில் அவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. அவர்களை 'தோட்டக்காட்டார்' என்று ஒதுக்கிப் பேசிய வழக்கம் எம்மிடையே இருந்ததை மறைக்க முடியாது. அப்படிப் பேசுபவர்களுக்கு ஒரு மூதாட்டியின் கையில் உள்ள பச்சையும் ஏளனத்துக்கு ஒரு சாட்டாகிவிடும். நாற்று நட்ட கையை விட்டுவிட்டு அதில் உள்ள புள்ளியைப் பார்ப்பது என்ன நியாயம்?

காது வளர்த்த காலம்

காதின் கதையும் இதுபோன்றதே. தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களில் சிறுமியரின் காதைக் குத்தி, துளையைச் சிறிது சிறிதாகப் பெருப்பித்து, தோள்வரை தொங்கும்படி காது வளர்ப்பார்கள். அதில் பாம்படம், தண்டட்டி போன்ற பாரமான நகைகளை அணிவார்கள். வளர்ந்த காதே அன்று அழகு. வளராத காது குறை. காலம் மாறியது. அதே பெண்களின் மகள்மாரும் பேத்திமாரும் அதனை நாகரிகம் இல்லாததாகக் கருதினர். வளர்த்த காதை வெட்டித் தைத்துக்கொண்ட பெண்களும் பலர். ஒரு தலைமுறைக்குக் கட்டாயமான அழகு அடுத்த தலைமுறைக்கு வெட்கமாகிவிட்டது.

எமது வீடுகளிலும் பெண்குழந்தைக்குக் காது குத்துகின்றோம். குழந்தையின் விருப்பத்தை எவரும் கேட்பதில்லை. அதனைத் தவறென்றும் எவரும் சொல்வதில்லை. ஆகவே உடலைத் துளைப்பதையோ குறி இடுவதையோ நாம் முழுதாக வெறுக்கவில்லை. பழகியதை ஏற்கின்றோம், பழகாததைக் கண்டு அஞ்சுகின்றோம். இதை ஒப்புக்கொண்டால் பிள்ளைகளோடு பேசுவது இலகுவாகும்.

யார் இட்ட குறி?

மாடு வளர்ப்பவர்களுக்குக் குறிசுடுதல் தெரியும். காய்ச்சிய இரும்பால் இடும் குறி இன்னாருடைய மாடு என்பதைக் காட்டும். மனிதருக்கும் இவ்வாறு குறி இட்ட காலங்கள் உண்டு. கோயிலுக்கு உரித்தாக்கப்பட்டோருக்குச் சூலக்குறி இடப்பட்டதைச் சோழர் காலக் கல்வெட்டுகள் கூறுகின்றன. இரண்டாம் உலக யுத்தத்தின்போது, 1941 முதல், நாசிகள் அவுஷ்விற்ஸ் முகாமில் கைதிகளுக்கு இலக்கங்களைப் பச்சை குத்தினர். பெயரை எடுத்துவிட்டு இலக்கத்தைக் கொடுப்பது மனிதரைப் பொருளாக்கும் செயல். தப்பிப் பிழைத்தவர்கள் அந்த இலக்கத்தைச் சாகும்வரை கையில் சுமந்தனர்.

எனவே குறி நல்லதா கெட்டதா என்று கேட்குமுன், அதை இட்டவர் யார், உரியவர் விரும்பி இட்டாரா என்று கேட்கவேண்டும்.

எமது மக்களின் உடல்களிலும் விரும்பாத குறிகள் நிறைய உண்டு. ஷெல் துண்டு கிழித்த தழும்பு, பதுங்குகுழியில் விழுந்த காயம், முள்வேலி கீறிய வடு என்பன அவற்றுட் சில. யுத்த காலத்தில் சோதனைச் சாவடிகளில் இளைஞர்களின் சட்டையைக் கழற்றுவித்து, முழங்கையிலும் முழங்காலிலும் தழும்பு தேடிய நாட்களை மறந்தவர் எவரும் இல்லை. மண்வெட்டி பட்ட காயத்துக்கும் மரத்தால் விழுந்த காயத்துக்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. சொன்ன விளக்கம் எப்போதும் ஏற்கப்படவில்லை.

கடல் கடந்த பின்னரும் தழும்பு பின்தொடர்ந்தது. இலங்கைக்குத் திருப்பி அனுப்பப்படும் தமிழருக்கு ஆபத்தை விளைவிக்கக்கூடிய காரணிகளைப் பட்டியலிட்ட பிரித்தானியத் தீர்ப்பாயம் ஒன்று, 2007 இல், உடலில் தழும்பு இருப்பதையும் அவற்றுள் ஒன்றாகச் சேர்த்தது. வேறொரு வழக்கில், சூடான இரும்பால் சுடப்பட்டதாகக் கூறிய இலங்கைத் தமிழர் ஒருவரின் தழும்புகள் அவரே கேட்டு இடுவித்தவையாக இருக்கலாம் என்ற சந்தேகம் எழுப்பப்பட்டது. அந்நாட்டின் அதியுயர் நீதிமன்றம் 2019 இல் அவரது மேன்முறையீட்டை ஏற்று, வழக்கை மீண்டும் விசாரிக்கப் பணித்தது. ஒருவர் தானாக விரும்பி இவ்வாறு தழும்பு இடுவித்துக்கொள்வது மிக அரிதாகவே இருக்கும் என்றும் அது கூறியது.

இத்தகைய அனுபவம் உள்ள நாம், ஒரு பெடியனின் கையைப் பார்த்தவுடன் அவனுடைய குணத்தைத் தீர்மானிக்கலாமா? சாவடியில் எமக்குச் செய்யப்பட்டதை நாம் எமது முற்றத்தில் செய்யலாமா?

திருமறையின் பார்வை

லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தில், இறந்தவருக்காக உடலைக் கீறிக்கொள்வதும் உடலில் எழுத்துக் குத்துவதும் இஸ்ரவேலருக்குத் தடைசெய்யப்பட்டுள்ளன. அயலிலிருந்த சமயங்களின் சடங்குகளிலிருந்து அவர்கள் விலகி நிற்கவேண்டும் என்பதே அதன் நோக்கம் என வேத அறிஞர் பலர் விளக்குவர். அதே அதிகாரம் தாடியின் ஓரத்தை வெட்டலாகாது என்றும் கூறுகின்றது. தாடி மழிக்கும் தகப்பன் மகனுக்கு முதல் வசனத்தை மட்டும் காட்டுவது நேர்மையாகாது.

மறுபுறம், உடல் பரிசுத்த ஆவியின் ஆலயம் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதுகின்றார். 'என் உடம்பு, என் விருப்பம்' என்று சொல்லும் இளையவர்கள் சிந்திக்க வேண்டிய இடம் இது. இன்னும் ஓர் இடம் உண்டு. அழிந்துபோன சீயோனை நோக்கி, உன்னை என் உள்ளங்கைகளில் பொறித்துள்ளேன் என்று கடவுள் சொல்வதாக ஏசாயா எழுதுகின்றார். ஊரை இழந்து நிற்கும் மக்களுக்கு இதைவிடப் பெரிய ஆறுதல் எது?

எகிப்தின் கொப்திக் கிறிஸ்தவர்கள் வலது மணிக்கட்டின் உட்புறத்தில் சிறிய சிலுவையைக் குத்திக்கொள்வது பழைய வழக்கம். சிறுபான்மையினராக வாழும் அவர்களுக்கு அது மறைக்க முடியாத விசுவாச அறிக்கை. 2018 மார்ச் மாதம் உரோமில் இளையோர் கூட்டமொன்றில் பாப்பரசர் பிரான்சிஸ், பச்சை குத்தியதைக் கண்டு பயப்பட வேண்டாம், அது இளைஞரோடு பேச்சைத் தொடங்க உதவும் என்ற கருத்தைத் தெரிவித்தார். அளவு மீறுவது வேறு விடயம் என்பதையும் அவர் குறிப்பிடத் தவறவில்லை.

ஊசியும் கிருமியும்

பெற்றோர் உண்மையாகவே கவலைப்பட வேண்டிய இடம் இதுதான். பச்சை குத்தும் ஊசி தோலின் மேற்படையைத் தாண்டி இரத்தம் ஓடும் உட்படைக்குச் செல்கின்றது. ஒருவருக்குக் குத்திய ஊசியையோ மையையோ இன்னொருவருக்குப் பயன்படுத்தினால் ஈரல் அழற்சி பி, ஈரல் அழற்சி சி, எச்.ஐ.வி. ஆகிய கிருமிகள் தொற்றலாம். ஈரல் அழற்சி பி கிருமி உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாட்கள் உயிர்வாழக்கூடியது. ஊசியைத் துணியால் துடைத்தாலோ தண்ணீரில் கழுவினாலோ அது சாகாது. திருவிழாக் கடைகளில், ஒரே ஊசியால் பலருக்குக் குத்தும் இடங்களில், ஆபத்து மிக அதிகம்.

இலங்கையில் குழந்தைகளுக்கு ஈரல் அழற்சி பி தடுப்பூசி 2003 இலிருந்தே வழங்கப்படத் தொடங்கியது. அதற்கு முன் பிறந்தவர்கள் பலருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. ஈரல் அழற்சி சி நோய்க்குத் தடுப்பூசியே இல்லை; ஆயினும் இன்று அதனைக் குணமாக்கும் மருந்து உண்டு. மத்திய கிழக்குக்கு வேலைக்குச் செல்பவர்களின் மருத்துவப் பரிசோதனையில் இந்த மூன்று கிருமிகளும் பார்க்கப்படுகின்றன. தொற்று இருந்தால் பயணம் நின்றுவிடும். காணியை ஈடுவைத்துப் பயணத்துக்கு ஆயத்தமாகும் குடும்பத்துக்கு இது எத்தகைய இழப்பு என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கவனிக்க வேண்டியவை:

1. ஊசி புதியதாக, உங்கள் கண்முன்னே பிரிக்கப்பட்டதாக இருக்கவேண்டும். மையும் ஒருவருக்கென்று தனியாக ஊற்றப்பட வேண்டும். குத்துபவர் புதுக் கையுறை அணியவேண்டும். காது, மூக்குக் குத்துவதற்கும் இதே விதிதான்.

2. காய்ச்சல், வீக்கம், சீழ் கண்டால் வீட்டு மருந்தோடு நில்லாமல் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். ஏற்புவலித் தடுப்பூசி பற்றியும் விசாரியுங்கள்.

3. காயம் ஆறியபின் தழும்பு தடித்து வளரும் உடல்வாகு உள்ளவர்கள் பச்சை குத்துவதைத் தவிர்ப்பது நல்லது. காதின் மேற்பகுதிக் குருத்தெலும்பில் துளை போட்டால் ஆறுவது கடினம்.

4. மருதாணி இலை சிவப்பு நிறத்தையே தரும். கடும் கறுப்பாகப் பிடிக்கும் 'கறுப்பு மருதாணி'யில் தலைமயிர்ச் சாயம் கலந்திருக்கலாம். அது தோலைக் கொப்புளிக்கச் செய்யும். பிள்ளைகளுக்கு வேண்டாம்.

5. குத்தியதை அழிக்க அசிற்றோ சூட்டுக்கோலோ பயன்படுத்த வேண்டாம். லேசர் சிகிச்சை உண்டு. ஆயின் பல தடவை செய்யவேண்டும், செலவும் பெரிது, முழுதாக அழியும் என்ற உறுதியும் இல்லை.

6. சந்தேகமான ஊசியால் குத்தியிருந்தால் வெட்கப்படாமல் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். அரசாங்கப் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்களில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம், விபரங்கள் இரகசியமாகப் பேணப்படும். இரத்ததானம் செய்ய வந்தால் பச்சை குத்திய விடயத்தை மறையாமல் சொல்லுங்கள்.

பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும்

பிள்ளைகளே, அவசரப்படாதீர்கள். 18 வயதில் பிடித்த பெயரும் படமும் 40 வயதில் பிடிக்காமல் போகலாம். குத்த விரும்பும் படத்தைத் தாளில் வரைந்து ஒரு வருடம் சுவரில் ஒட்டி வையுங்கள். அதன்பின்னும் விருப்பம் இருந்தால் யோசிக்கலாம். பிறர் வணங்கும் உருவங்களிலும் கவனம் வேண்டும். கையில் புத்தரின் உருவம் குத்தியிருந்த பிரித்தானியப் பெண் ஒருவர் 2014 இல் கட்டுநாயக்காவில் தடுத்துவைக்கப்பட்டு நாடு கடத்தப்பட்டார். அவரது உரிமை மீறப்பட்டதாகத் தீர்ப்பளித்த எமது நாட்டின் உயர் நீதிமன்றம், 2017 இல், 8 இலட்சம் ரூபா வழங்க உத்தரவிட்டது. நீதி கிடைத்தது, ஆயினும் அதற்கு மூன்று ஆண்டுகள் சென்றன.

பெற்றோரே, குத்தியாகிவிட்டால் அடித்தாலும் அழுதாலும் அது அழியாது. அந்தப் படத்தின் கருத்து என்னவென்று கேளுங்கள். காணாமற்போன தமையனின் பெயராக இருக்கலாம். விட்டுவந்த ஊரின் பெயராகவும் இருக்கலாம். வெறும் விளையாட்டாகவும் இருக்கலாம். எதுவாயினும் கேட்டால்தான் தெரியும். கேட்கும் பெற்றோரிடம்தான், குத்திய ஊசி சுத்தமானதா என்ற உண்மையையும் பிள்ளை சொல்லும்.

வயலில் நெற்கதிரைத் தொட்டுப் பார்த்துத்தான் மணி முற்றியதா, பதரா என்று அறிகின்றோம். தூரத்தில் நின்று பார்த்தால் எல்லாம் ஒரே நிறம். மனிதருக்கும் அந்தளவு பொறுமையாவது காட்டுவோம்.

கிராமக் குழுக்களில் கலந்துரையாடுவதற்கு:

1. உடலில் இருந்த ஓர் அடையாளத்தால் நீங்களோ உங்கள் குடும்பத்தவரோ தவறாக மதிக்கப்பட்டதுண்டா?

2. எமது கிராமத்தில் யாரை நாம் தோற்றத்தைக் கொண்டு ஒதுக்குகின்றோம்?

3. காது குத்தும் இடங்களிலும் பச்சை குத்தும் இடங்களிலும் சுத்தம் பேணப்படுவதற்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரோடு சேர்ந்து நாம் என்ன செய்யலாம்?