எஃப் இல்லாத சிப்

வரதராஜன்பேட்டையும் அதைச் சுற்றியுள்ள ஆண்டிமடம் வட்டாரமும் முந்திரிக்குப் பேர்போனவை. ஆனால் முகூர்த்த மாதங்களில் அந்தப் பக்கம் இரவில் அணையாமல் எரிவது ஸ்டுடியோ விளக்குகள்தான். கல்யாணம், காதணி விழா, மஞ்சள் நீராட்டு, மாதா கோயில் தேர்த்திருவிழா என்று எடுத்ததெல்லாம் எடிட்டிங் மேசையில் வந்து குவியும். பழைய கணினி திணறத் தொடங்கினால் திருச்சிக்கோ சென்னை ரிச்சி தெருவுக்கோ போய்ப் புதிதாக ஒன்று அசெம்பிள் செய்துகொண்டு வருவது வழக்கம். அங்கே கேட்கப்படும் முதல் கேள்வி பெரும்பாலும் ‘பட்ஜெட் எவ்வளவு?’ என்பதுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது இன்னொன்று இருக்கிறது: எந்தக் கேமராவில், எந்த முறையில் பதிவு செய்கிறீர்கள்? படைப்பு வேலைக்கான கணினியின் பாகங்களை முடிவு செய்ய வேண்டியது நாளும் அதில் வந்து இறங்கும் கோப்புதான், விலைப்பட்டியல் இல்லை. இந்தக் கட்டுரையின் வாதம் அவ்வளவே.

ப்ராசஸர் எது, ராம் எது, கிராபிக்ஸ் கார்டு எது என்பது இன்று பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். தெரியாமல் போவது கேமராவுக்குள் நடக்கும் ஒரு சிக்கனம். 4கே படம் என்றால் ஒரு பிரேமில் சுமார் 83 லட்சம் புள்ளிகள். நிறத்தின் படிகளை நுணுக்கமாகப் பிரிக்கும் 10 பிட் முறையில், விநாடிக்கு 50 பிரேம் என்று எதையும் சுருக்காமல் சேமித்தால் ஒவ்வொரு விநாடிக்கும் சுமார் ஒன்றரை ஜிபி வேண்டும். கேமரா அதையே விநாடிக்கு 200 மெகாபிட்டுக்குள், அதாவது 25 எம்பிக்குள் அடக்கிவிடுகிறது. சுமார் அறுபதில் ஒரு பங்கு! இது முக்கியமாக இரண்டு வழிகளில் சாத்தியமாகிறது. முதலாவது, எல்லாப் பிரேமையும் முழுதாக எழுதாமல், அவ்வப்போது ஒன்றை முழுதாக எழுதிவிட்டு இடையில் உள்ளவற்றில் மாறியதை மட்டும் குறித்துக்கொள்வது. பார்ப்பவருக்கு இதனால் தொல்லை இல்லை. எடிட்டருக்குத்தான் தொல்லை. தாலி கட்டும் கணத்தைத் தேடி அவர் டைம்லைனை முன்னும் பின்னும் இழுக்கும் ஒவ்வொரு முறையும், கணினி முந்தைய முழுப் பிரேமுக்கு ஓடிப்போய் அங்கிருந்து மாற்றங்களை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். சினிமா பார்க்கும்போது சுகமாக ஓடும் கணினி எடிட்டிங்கில் நொண்டுவதற்குக் காரணம் இது.

இரண்டாவது வழிதான் சுவாரசியமானது. நம் கண் வெளிச்ச வேறுபாட்டைக் கூர்மையாகப் பார்க்கும். நிற வேறுபாட்டை அவ்வளவு நுணுக்கமாகப் பார்க்காது. 1950களில் வண்ணத் தொலைக்காட்சியை வடிவமைத்தவர்கள் இந்தப் பலவீனத்தைப் பயன்படுத்திக்கொண்டு நிறத்துக்குக் குறைவான இடம் ஒதுக்கினார்கள். 1982இல் தூர்தர்ஷன் வண்ணத்துக்கு மாறியபோது வந்ததும் அதே சிக்கனம்தான். டிஜிட்டல் காலத்தில் அது 4:2:0, 4:2:2, 4:4:4 என்று எண்களாகிவிட்டது. எல்லாப் புள்ளிக்கும் வெளிச்சம் உண்டு. நிறம் 4:4:4இல் புள்ளிக்குப் புள்ளி, 4:2:2இல் பாதி, 4:2:0இல் கால்பங்கு. செல்போன் பெரும்பாலும் எடுப்பது கால்பங்கு வகை. 2020இல் வந்த சோனி ஏ7எஸ் 3, அடுத்த ஆண்டு வந்த ஏ7 4 போன்ற கேமராக்கள் பாதி வகையை 10 பிட்டில் தருகின்றன. அந்த வித்தியாசத்தைக் காண கூறைப்புடவையின் அரக்குச் சிவப்பின்மேல் மஞ்சள் தாலிக்கயிறு விழும் இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். இரண்டு நிறங்களுக்கும் வெளிச்ச அளவு நெருங்கி இருந்தால் கால்பங்கு வகையில் கயிற்றின் விளிம்பு புடவையில் கசிந்ததுபோல் தெரியும். வரவேற்பு மேடையின் ஊதா எல்இடி வெளிச்சத்தில் முகம் நீலம் பாரித்துவிட்டால் அதைத் திருத்துவதற்கும் 10 பிட்டில்தான் தாராளமாக இடம் இருக்கிறது.

சரி, நல்ல கோப்பு கிடைத்துவிட்டது. நல்ல கிராபிக்ஸ் கார்டு ஒன்றைப் போட்டால் தீர்ந்தது என்று தோன்றும். இங்கேதான் ஒரு விந்தை. சுருக்கிய படத்தை விரிப்பதற்கென்றே கார்டுகளிலும் சில ப்ராசஸர்களிலும் தனியாக ஒரு சிறு பகுதி உண்டு. என்விடியாவின் கார்டுகள் பல தலைமுறைகளாக எச்.265 என்ற சுருக்குமுறையில் எழுதிய கோப்புகளில் கால்பங்கு வகையை விரிக்கும், முழு நிற வகையையும் விரிக்கும். நடுவில் உள்ள 4:2:2ஐ மட்டும் விரிக்காது. 2025 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் அந்த ஓட்டை அடைபட்டது. அதற்கு முந்தைய 4060, 4070 என்று எதை வாங்கியிருந்தாலும் கல்யாண வீடியோக்காரருக்கு வேண்டிய அந்த ஒரு வகை மட்டும் கார்டின் கையில் சிக்காமல் ப்ராசஸரின் தலையில் போய் விழும். அதே சமயம் 2021இல் வந்த 11ஆம் தலைமுறை தொடங்கி இன்டெலின் மேசைக்கணினிச் சிப்புகளில், உள்ளேயே இருக்கும் சாதாரண கிராபிக்ஸ் பகுதி எச்.265 4:2:2 10 பிட்டை அலட்டிக்கொள்ளாமல் விரிக்கிறது. விளையாட்டுக்கு லாயக்கில்லை என்று எல்லோரும் இளப்பமாகப் பேசும் பகுதி அது! முந்திரிக்கொட்டையைச் சுத்தியலாலும் உடைக்கலாம்; ஆனால் காலால் மிதித்து வெட்டும் கருவி கொட்டை உடைப்பதைத் தவிர வேறு எதற்கும் உதவாது என்பதாலேயே அந்த வேலையில் சுத்தியலை மிஞ்சிவிடும். ப்ராசஸருக்கும் இந்தச் சிறு பகுதிக்கும் உள்ள உறவும் அதுதான்.

இப்போது கடையில் நடப்பதைப் பார்க்கலாம். இன்டெல் சில சிப்புகளை இந்தக் கிராபிக்ஸ் பகுதி இயங்காத வடிவில், பெயரின் கடைசியில் எஃப் என்ற எழுத்தோடு விற்கிறது. ஐ5-12400க்கும் ஐ5-12400எஃப்புக்கும் விலையில் சில ஆயிரம்தான் வித்தியாசம் இருக்கும். ‘தனி கார்டு போடுகிறோமே, உள்ளே எதற்கு இன்னொன்று?’ என்று எஃப் சிப்பைக் கொடுப்பது கடைகளில் சகஜம். விளையாட்டுக் கணினிக்கு அது சரியான யோசனை. கேம் ஆடும் இளைஞர்களுக்காக எழுதிய பட்டியலையே எடிட்டருக்கும் நீட்டுவதால்தான் விவகாரம் வருகிறது. மிச்சம் பிடித்த அந்தச் சில ஆயிரத்தால், பல ஆயிரம் போட்டு வாங்கிய கணினி சீசன் முழுக்க முக்கி முனகுகிறது. பழி என்னவோ மென்பொருளுக்குப் போகிறது.

எஃப் இல்லாத சிப்பை வாங்கிவிட்டாலும் இரண்டு கண்ணிகள் உண்டு. தனி கார்டைச் செருகியதும் சில மதர்போர்டுகள் உள்கிராபிக்ஸைத் தானாக அணைத்துவிடும். மதர்போர்டின் அமைப்புத் திரையான பயாஸில் போய் அதை மறுபடி இயக்கி, டிரைவரையும் நிறுவ வேண்டும். இன்னொன்று கேமராவில் இருக்கிறது. சோனியின் மெனுவில் எக்ஸ்ஏவிசி எஸ், எக்ஸ்ஏவிசி எச்எஸ் என்று இரண்டு இருக்கும். எஸ் என்பது 2003இல் வந்த எச்.264 தரம், எச்எஸ் என்பது பத்தாண்டு கழித்து வந்த எச்.265. மேலே சொன்ன இன்டெல் சலுகை எச்.265க்குத்தான். 10 பிட் 4:2:2 எச்.264ஐ இந்தச் சிப்புகளும் விரிப்பதில்லை. பழைய தரம் என்பதால் எளிதாக ஓடும் என்று நம்பி எஸ் முறையில் பதிவு செய்பவர், தெரியாமலே ப்ராசஸருக்குக் கூடுதல் சுமை ஏற்றுகிறார். மெனுவில் ஒரு வரியை மாற்றுவதற்குக் காசு செலவில்லை.

இதற்கு மறுப்புகள் உண்டு. எல்லாம் வலுவற்றவை அல்ல. பிராக்ஸி போட்டுக்கொண்டால் போதாதா என்பது ஒன்று. பெரிய கோப்புகளுக்குச் சிறு நகல் எடுத்து அதில் வெட்டி ஒட்டிவிட்டு, கடைசியில் அசலோடு இணைப்பது பழைய கணினிக்குக் கைகண்ட மருந்து. கையில் காசு இல்லாதவர் கணினியை மாற்றாமல் இதையே செய்யலாம், தவறே இல்லை. நகல் எடுக்கும் நேரமும் இடமும்தான் விலை. அடுத்தடுத்த நாள் முகூர்த்தம் இருக்கும்போது அந்த நேரம் இருக்காது. 8 பிட் 4:2:0இல் எடுத்தால் எந்தக் கார்டும் ஓட்டுமே என்பது இன்னொன்று. உண்மைதான். நிறத்தை அதிகம் திருத்தாத, பென்டிரைவில் கொடுத்துத் தொலைக்காட்சியில் பார்க்கப்படும் வீடியோவுக்கு அது தாராளமாகப் போதும். அப்படி வேலை செய்பவர் 4:2:2ஐப் பற்றிக் கவலைப்படாமல் அந்தப் பணத்தை நல்ல மானிட்டரில் போடட்டும். புடவையின் நிறம் ஆல்பத்தில் வேறாக வருகிறது என்று வரும் சண்டைகளில் பலவற்றுக்கு மூலம், நிறம் சரிபார்க்கப்படாத மலிவு மானிட்டர்தான். இந்த இரண்டு மறுப்பும் கோப்பைப் பார்த்துத்தான் முடிவெடுக்கின்றன என்பதைக் கவனிக்க வேண்டும்.

கனமான மறுப்பு ஆப்பிளின் மேக் மினி கணினி. 2024 நவம்பரில் வந்த எம்4 மாடல் 59,900 ரூபாயில் தொடங்கியது, 4:2:2ஐச் சர்வசாதாரணமாக விரிக்கும். வீடியோ வெட்டுவது மட்டுமே வேலை என்றால் அசெம்பிள் கணினியை அதற்கு எதிராகப் பரிந்துரைப்பது கஷ்டம். ஆனால் ஊர் ஸ்டுடியோ என்பது வீடியோ மட்டும் அன்று. அதே மேசையில்தான் ஃபிளெக்ஸ் பேனரும் அழைப்பிதழும் பாஸ்போர்ட் போட்டோவும். யூனிகோடுக்கு முந்தைய பாமினி போன்ற எழுத்துருக்களை நம்பித் தமிழ் டிசைன் வேலை இன்னும் ஓடுகிறது. அதற்கான தட்டச்சு மென்பொருள்கள் பலவும் விண்டோஸுக்கென்றே எழுதப்பட்டவை. மேக் மினியில் ராமைப் பிறகு கூட்ட முடியாது. ஏதாவது பழுதென்றால் கையோடு சரிசெய்யவும் உள்ளூரில் ஆள் கிடைப்பது அரிது. அசெம்பிள் கணினியில் கெட்ட பாகத்தை மட்டும் மாற்றிவிட்டு அன்று இரவே வேலையைத் தொடரலாம். முப்பரிமாண அனிமேஷன் செய்பவருக்கு இந்தக் கணக்கு முழுக்க மாறும். அவருக்குக் கார்டின் நினைவகமும் ப்ராசஸரின் கோர் எண்ணிக்கையும்தான் முக்கியம். ஏஎம்டி ரைசன் அங்கே நல்ல தேர்வு. 4:2:2 எந்தப் பக்கம் இருந்தால் அவருக்கென்ன!

மற்ற பாகங்களையும் இதே அளவுகோலில் வேகமாகப் பார்த்துவிடலாம். விநாடிக்கு 25 எம்பி வீதம் ஓடும் கோப்புக்கு விநாடிக்கு 14,000 எம்பி படிக்கும் எஸ்எஸ்டி வெறும் ஆடம்பரம். இரண்டு கேமராவை ஒன்றாக ஓட்டினாலும் 550 எம்பி படிக்கும் சாதா சாட்டா எஸ்எஸ்டி பத்து மடங்கு போதும். வேகத்தில் மிச்சமாகும் பணத்தைக் கொள்ளளவில் போடலாம், ஏனென்றால் அந்த 200 மெகாபிட் பதிவு மணிக்கு 90 ஜிபி தின்னும். ராம் 32 ஜிபி வேண்டும், ஒரே குச்சியாக இல்லாமல் 16, 16 என்று இரண்டாக. 13, 14ஆம் தலைமுறை இன்டெல் ஐ7, ஐ9 வாங்குபவர்கள் பயாஸைப் புதுப்பித்தாக வேண்டும். அளவுக்கு மீறிய மின்னழுத்தத்தால் அவற்றில் சில நிலைகுலைந்தன என்று நிறுவனமே ஒப்புக்கொண்டு 2024 ஆகஸ்டில் திருத்தம் வெளியிட்டது. பாகங்களுக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. பெயர் தெரியாத கம்பெனியின் டப்பாவில் 500 வாட் என்று அச்சடித்திருப்பதை நம்பி, அதைப்போல் பல மடங்கு விலையுள்ள பாகங்களை அதன் பின்னால் கட்டுவது என்ன கணக்கோ தெரியவில்லை. யுபிஎஸ்ஸிலும் ஒரு சூது இருக்கிறது: 600 விஏ என்று போட்டிருப்பவற்றில் பல தருவது 360 வாட்தான். கார்டு முழு வேகத்தில் ஓடும்போது கரண்ட் போனால் அது கைவிட்டுவிடக்கூடும்.

செம்மண் புழுதியும் சித்திரை வெயிலும் உள்ள ஊரில், வண்ண விளக்கு மின்னும் கண்ணாடிப் பெட்டியைவிட, முன்பக்கம் வலையும் கழற்றிக் கழுவக்கூடிய தூசித் தடுப்பும் உள்ள பெட்டிதான் உபயோகம். சிப் சுமார் 100 டிகிரியைத் தொட்டதும் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். அப்புறம் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தால் என்ன? லட்சத்துக்குக் கணினி வாங்கியவர் ஒரு பெயிண்ட் பிரஷ் எடுத்து மாதம் ஒருமுறை தூசி தட்டுவதில்லை. அதே கணினியில் கிராக் செய்த மென்பொருளைப் போட்டு வைரஸையும் குடிவைக்கிறார். இன்னொருவர் வீட்டுக் கல்யாணத்தின் ஒரே பதிவு அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது, திரும்ப எடுக்க முடியாத பதிவு. அதற்குத் தனியாக ஒரு ஹார்ட் டிஸ்கில் நகல் வைக்காதவர் கார்டின் மாடல் நம்பரைப் பற்றி விவாதிப்பது வீண்.

வாங்கப் போகுமுன் செய்ய வேண்டியது சுலபம். மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் உங்கள் கோப்பைத் திறந்தால் எச்.264ஆ 265ஆ, 8 பிட்டா 10 பிட்டா, 4:2:0ஆ 4:2:2ஆ என்று எல்லாம் காட்டும், குறித்துக்கொள்ளுங்கள். அதே கோப்பில் இரண்டு நிமிடத்தை ஒரு பென்டிரைவில் எடுத்துப் போங்கள். அசெம்பிள் முடிந்ததும் கடையிலேயே எடிட்டிங் மென்பொருளில் அதை ஓடவிட்டு, விண்டோஸ் டாஸ்க் மேனேஜரில் ஜிபியு பக்கத்தைத் திறந்து ‘வீடியோ டீகோட்’ என்ற கோட்டைப் பாருங்கள். உள்கிராபிக்ஸும் தனி கார்டும் அங்கே ஜிபியு 0, ஜிபியு 1 என்று தனித்தனியாக இருக்கும். இரண்டில் ஒன்றிலாவது கோடு மேலே எழும்பினால் சரி. இரண்டும் தரையோடு படுத்துக்கிடக்க, சிபியு மட்டும் நூறைத் தொட்டால் பில் போடச் சொல்லாதீர்கள். முதலில் பயாஸைத் திறக்கச் சொல்லுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் சிப்பின் டப்பாவை வாங்கி, பெயரின் கடைசி எழுத்தைப் பாருங்கள்.